வேடம் கொடுத்தோம், செவி கொடுத்தோமா?

(சங்க ஆண்டு விழாவில் நாடகக் குழு வாலிபர் சார்பாக ஆற்றிய உரை)





நாடகமும் நம் வாலிபரும் என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் கூறும்படி செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். வழக்கமாக இம்மேடையில் பேச வருவோர் வயதாலும் அறிவாலும் முதிர்ந்தவர்கள். நாமோ சர்வகலாசாலைப் படிப்பை இன்னும் முடிக்காதவர்கள். அன்றியும் மிஷன் பாடசாலையில் படித்தவர்கள். தேவாரம் மனனஞ் செய்யுமுன்னே ஞானப்பாட்டு மனனஞ் செய்தவர்கள் என்று நண்பர்கள் எம்மைப் பரிகாசம் பண்ணுவதுமுண்டு. அது உண்மைதான். ஆனால் எம்மை முதன்முதல் மேடையேற்றியதும் அப்பாடசாலையே. நத்தார் விழா நாடகத்தில் ஆட்டிடையராக வேடமிட்டுப் போர்வையும் கோலுமாகக் கால் நடுங்க நின்ற நாளை நாம் மறக்கவில்லை. பேச வாயெழாத பிள்ளைகூட வேறொருவராய் நின்றால் பேசிவிடும் என்பதை அன்று கண்டோம். இன்றைய பேச்சுக்கு அதுவே ஆதாரம்.

பேச வந்த பொருள் விழா நாளுக்கு ஏற்ற மகிழ்ச்சியான பொருளன்று. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

எம்மோடு நாடகம் பழகிய தோழன் ஒருவன் இன்று எம்மோடு இல்லை. தன் கையாலேயே தன் உயிரை முடித்துக்கொண்டான். அவன் பெயரையும் ஊரையும் சொல்லமாட்டோம். அவனைப் பெற்றவளின் புண்ணைக் கிளற எமக்கு உரிமையில்லை. ஆனால் எம்முடைய குற்றத்தைச் சொல்ல எமக்கு உரிமையுண்டு. அவன் ஒத்திகைக்கு மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை. நாலாம் நாள் அவனுடைய வேடத்தை வேறொருவனுக்குக் கொடுத்தோம். விழா நெருங்கிவிட்டது, வேறென்ன செய்வது என்று எமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். எம்மில் ஒருவராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுப் படலைவரை போகவில்லை. பின்னர் அவன் படத்தைப் பெரிதாக அடித்துக் கண்ணீர் அஞ்சலி என்று எழுதிச் சந்தியிலே கட்டினோம். அதற்கு மட்டும் எல்லோரும் வந்தோம்.

அவன் போனபின் ஊரெங்கும் ஒரே கேள்வி: என்ன காரணம்? காதல் என்றார் ஒருவர். பரீட்சை என்றார் ஒருவர். கடன் என்றார் இன்னொருவர். ஒரு மனிதனின் மனத்தை ஒரு சொல்லில் அடக்கிவிடலாம் என்று நினைப்பது பெரும் பிழை. பல நூலிழை சேர்ந்து ஒரு கயிறு ஆவதுபோல, வறுமை, அவமானம், நோய், தனிமை, நித்திரையின்மை, சொல்ல ஆளில்லாமை என்று பல சேர்ந்துதான் இத்தகைய முடிவு வருகின்றது. ஒரிழையை நாம் அறுத்திருந்தாலும் கயிறு தளர்ந்திருக்கக் கூடும். எமக்கு உறக்கம் வராமற் செய்வது இந்த எண்ணமே.

இது ஒருவனுடைய கதை மாத்திரமன்று. 1950ஆம் ஆண்டில் எம் நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 6 அல்லது 7 பேரே தற்கொலையால் இறந்தனர். 1995ஆம் ஆண்டில் அத்தொகை 47 அளவுக்கு ஏறியது. உலகத்திலேயே மிக உயர்ந்த நிலைகளில் அது ஒன்றாயிற்று. அதன்பின் அது படிப்படியாய் இறங்கி, மூன்றிலொரு பங்குக்கு அண்மையில் வந்தது. எப்படி இறங்கியது? நாட்டு மக்களின் துயரம் திடீரென்று தீர்ந்துவிட்டதா? இல்லை. 1995ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் மிகக் கொடிய பூச்சிநாசினிகள் சிலவற்றை அரசாங்கம் தடைசெய்தது. இறக்கத்துக்கு முக்கிய காரணம் அதுவே என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். இதிலிருந்து நாம் கற்கும் பாடம் பெரிது. சாக வேண்டும் என்னும் எண்ணம் பெரும்பாலும் ஒரு புயலைப்போல வந்து கடந்து போவது. அந்தப் புயல் வேளையைத் தாண்டிவிட்டவர்களிற் பெரும்பாலானோர் பின்னர் வாழ்ந்தே விடுகின்றனர். ஆகவே எம் கடமை அந்த வேளையைத் தாண்டுவிப்பது.

இனி, வாலிபரின் மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கனடா தேசத்தின் மேற்குக் கரையிலே பிரித்தானிய கொலம்பியா என்றொரு மாகாணம் உண்டு. அங்கே பூர்வீகக் குடிகளின் கிராமங்கள் ஏறக்குறைய இருநூறு. அவற்றை மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்தோபர் லலோண்ட் என்னும் இரு அறிஞர் ஆராய்ந்து 1998ஆம் ஆண்டில் எழுதினர். பூர்வீகக் குடிகளின் வாலிபரிடையே தற்கொலை மிகுதி என்று வெளியார் பொதுப்படப் பேசினர் அல்லவா? அவ்வறிஞர் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தபோது, பாதிக்கு மேற்பட்ட கிராமங்களில் அவர்கள் ஆராய்ந்த ஆண்டுகளில் ஒரு வாலிபன்கூட அவ்வாறு இறக்கவில்லை என்று கண்டனர். சாவு சில கிராமங்களிலேதான் குவிந்திருந்தது. தம் பாடசாலை, தம் சுகாதார நிலையம், தம் கலைமண்டபம், தம் நிலவுரிமை முதலியவற்றைத் தம் கையில் வைத்திருந்த கிராமங்களில் சாவு குறைவு. 2007ஆம் ஆண்டில் மொழியைப்பற்றி மற்றுமோர் ஆய்வு வெளிவந்தது. பாதிப்பேராவது தம் தாய்மொழியிற் பேச வல்லவராயிருந்த கிராமங்களில் வாலிபர் தற்கொலை ஏறக்குறைய இல்லை என்று அது கூறிற்று.

மொழி தெரிந்தால் ஒருவன் சாகமாட்டான் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எம் தோழனும் நல்ல தமிழ் பேசியவனே. நேற்று நாம் யார், நாளை நாம் யார் என்னும் தொடர்ச்சி அறுந்து போகும்போது வாலிப மனத்துக்குப் பிடிகொம்பு ஒன்று குறைகின்றது. அவ்வளவே நாம் கொள்ளத்தக்க பொருள்.

இந்தத் தொடர்ச்சி அறுவதை எம் கடற்கரையில் எவருக்கும் புத்தகத்திலிருந்து காட்ட வேண்டியதில்லை. சிலாபத்துக்குத் தெற்கே நீர்கொழும்பு வரையுள்ள கரையிலே, பாட்டன்மார் தமிழில் வலையிழுத்துத் தமிழில் செபித்த குடும்பங்கள் பல, பேரப்பிள்ளைகள் காலத்தில் சிங்களம் பேசுவோராயின. இதை நாம் நிந்தையாகச் சொல்லவில்லை. சிங்களமும் எம் அயலவர் மொழி, அன்புக்குரிய மொழி. ஆனால் பாட்டியும் பேத்தியும் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசமுடியாத வீட்டில் ஏதோ ஒன்று இழந்துதான் போகின்றது. புத்தளத்துக்கு அண்மையிலே சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழிவந்த மக்களைப் பாருங்கள். அவர்களுடைய மூதாதையர் பேசிய போர்த்துக்கேயக் கிரியோல் மொழி நாளாந்தப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. மஞ்சா என்னும் ஆட்டப்பாட்டில் மாத்திரம் அது நிற்கின்றது. சொல்லின் பொருளை முழுதும் அறியாத பிள்ளையும் தாளம் எழுந்தவுடன் எழுந்து ஆடுகின்றது. மொழி போன பின்னும் அம்மக்களை ஒன்றாய் வைத்திருப்பது ஆட்டமும் பாட்டுமே. கலையின் வலிமைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

எம்மைப்பற்றியும் சொல்லிவிடுகிறோம். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு எம் தகப்பன்மாரின் சொத்து. ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தல் களப்புமாய்க் கிடக்கும் உடப்பிலே அதைக் கேட்டவர்கள் அதன் கம்பீரத்தை மறக்கமாட்டார்கள். ஆனால் பட்டணத்துப் பாடசாலைக்குப் போன நாளில், எம்மிலொருவன் வாய் தவறி அதை முணுமுணுத்தபோது, வகுப்பு முழுதும் சிரித்தது. அன்று முதல் நாம் வீட்டுக்கொரு பேச்சும் பாடசாலைக்கொரு பேச்சும் வைத்துக்கொண்டோம். தகப்பன் மீன் வாடையோடு பாடசாலை வாசலுக்கு வந்தால் தூணுக்குப் பின்னே ஒளிந்தோம். சர்வகலாசாலைக்குப் போனபின்னரோ ஊராருக்குப் படித்தவன், அங்கேயுள்ளவர்களுக்கு வலைக்காரன் பிள்ளை. இரண்டு கரையிலும் கால் பதியாமல் நடுவிலே தத்தளிப்பவர் பலர். சொன்னாற் சிரிப்பார்களே என்று சொல்லாமல் விடுகின்றோம்.

சகோதரர்களே, பாரதக் கதை எம் கரைக்குப் புதிதன்று. ஆடி மாதத்தில் உடப்புத் திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பைக் காண எங்கிருந்தெல்லாமோ சனங்கள் வருகிறார்கள். அந்தப் பாரதத்திலே கர்ண பருவத்தில் ஒரு கட்டம் வருகின்றது. போரிலே புண்பட்டுப் பாசறையில் இருந்த தருமர், கர்ணனை இன்னும் கொல்லவில்லையே என்ற ஆத்திரத்தில், உன் காண்டீவத்தை வேறொருவனிடம் கொடுத்துவிடு என்று அருச்சுனனை ஏசிவிடுகிறார். அப்படிச் சொல்பவனைக் கொல்வேன் என்பது அருச்சுனனின் பழைய சபதம். வாளை உருவிவிட்டான். கண்ணன் தடுக்கிறான். பெரியோரை மரியாதையின்றி நீ என்று அழைத்துப் பேசுவதே அவரைக் கொன்றதற்குச் சமம், ஆகவே பேசித் தீர்த்துக்கொள் என்கிறான். அருச்சுனன் அவ்வாறே அண்ணனைக் கடிந்து பேசுகிறான். பேசியபின் தாங்கமுடியாத வெட்கம். அதே வாளைத் தன்மேலேயே திருப்ப உருவுகிறான். கண்ணன் மீண்டும் தடுத்து, தன்னைத் தானே புகழ்ந்து பேசுவது தன்னைக் கொல்வதற்குச் சமம், உன் பெருமைகளை உன் வாயாற் சொல் என்கிறான். அருச்சுனன் சொல்கிறான். வாள் உறைக்குள் போகின்றது.

எவ்வளவு பெரிய மனவைத்தியம் இது! இரண்டு முறையும் கண்ணன் செய்தது ஒன்றே: செயலைச் சொல்லாக மாற்றினான். வாளால் நடக்கவிருந்ததை வாயால் நடத்தி முடித்தான். கோழை என்று ஏசவில்லை, பாவி என்று சபிக்கவில்லை. பக்கத்தில் நின்று பேசவைத்தான். தானாக நினைத்தால் ஒன்றுக்கும் உதவாதவன் என்று தோன்றிய வேளையில், நீ என்னென்ன செய்தவன், சொல் பார்ப்போம் என்று கேட்டான். மிஷன் பாடசாலையில் எலியா தீர்க்கதரிசியின் கதையும் படித்தோம். வனாந்தரத்தில் ஒரு செடியின்கீழ் உட்கார்ந்து, போதும், நான் சாகவேண்டும் என்று அவர் வேண்டினார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்றான்; மறுபடி உறங்கவிட்டான்; மறுபடி உணவு கொடுத்தான். இரு வேதங்களும் ஒரு பாடத்தையே எமக்குச் சொல்லுகின்றன: இடிந்தவனுக்கு முதலில் வேண்டுவது பக்கத்தில் ஓர் ஆள்.

செயலைச் சொல்லாக மாற்றும் தொழில்தானே நாடகம்! கனடாவின் வடகோடியில் இக்லூலிக் என்னும் பனித்தீவு ஊரில் இனுயிட் மக்கள் வாழ்கின்றனர். அங்கே வாலிபர் தற்கொலை ஊரை உலுக்கியபோது, 1998ஆம் ஆண்டில் ஆர்ட்சர்க் என்னும் கலைக்குழு தோன்றியது. சர்க்கஸ் வித்தையோடு தம் பழைய பறையையும் பாட்டையும் கதையையும் சேர்த்து அவ்வூர் வாலிபர் ஆடினர். பிரேசில் நாட்டு அகுஸ்தோ போல் என்பவர் மற்றொரு வழி காட்டினார். அவருடைய முறையில் நாடகம் துன்பமான இடத்திலே நிறுத்தப்படும். பார்ப்போரில் ஒருவர் எழுந்துவந்து, நானாயிருந்தால் இப்படிச் செய்வேன் என்று நடித்துக் காட்டலாம். பார்வையாளன் பங்காளியாகிறான்.

எம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. 1991ஆம் ஆண்டில் குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் எழுதிய 'அன்னை இட்ட தீ' போர்க்காலத்து மனக்காயங்களை மேடைக்குக் கொண்டுவந்தது. பராக்கிரம நிரியெல்ல அவர்கள் தொடங்கிய ஜனகரளிய குழு, கூடாரத்தோடு ஊரூராய்ப் போய்த் தமிழிலும் சிங்களத்திலும் ஆடிற்று. இன்னும் பின்னோக்கினால், சரச்சந்திர அவர்கள் 1956ஆம் ஆண்டில் மேடையேற்றிய 'மனமே' சிங்கள நாடகமரபைத் தழுவியது. அந்த மரபோ தமிழ்க் கூத்தின் வழியாய் மேற்குக் கரைக் கத்தோலிக்கரிடையே வளர்ந்தது. பேராசிரியர் வித்தியானந்தன் அவர்கள் 1962ஆம் ஆண்டில் 'கர்ணன் போர்' கூத்தைச் சர்வகலாசாலை மேடைக்கு ஏற்றினார்கள். கிராமத்தான் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டது படித்தவர் நடுவே தலைநிமிர்ந்து நின்றது. எம் அம்பாப் பாட்டும் அவ்வாறே நிற்கலாகாதா?

ஆகவே சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். ஆண்டு விழாவில் மூன்று மணி நேரச் சினிமாப் பாணி நாடகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மாலையை மாத்திரம் எமக்குத் தாருங்கள். வாடகைத் திரையும் சோடனையும் வேண்டாம். கோயில் வெளியில் மணலே போதும். எம் ஊர் வாலிபரே தம் வாழ்வை எம் ஊர்ப் பேச்சிலே நடிக்கட்டும். வலையிழுப்போர் அம்பா பாடட்டும். சிங்களம் பேசும் அயலூர்ப் பிள்ளைகளும் தம் மொழியிலே பேசி நடிக்கட்டும். இடையில் நிறுத்தி, இந்த இடத்தில் தகப்பன் என்ன சொல்லியிருக்கலாம், ஆசிரியர் என்ன கேட்டிருக்கலாம், தோழன் எங்கே போயிருக்கலாம் என்று சபையைக் கேட்போம்.

சில கட்டுப்பாடுகளையும் எமக்கு நாமே விதித்துக்கொண்டுள்ளோம். சாவை மேடையிற் காட்டமாட்டோம். அதன் வழியையும் சொல்லமாட்டோம். இறந்தவனை வீரனாக்கிப் பாடமாட்டோம். பாவியாக்கித் தூற்றவும் மாட்டோம். ஒரே காரணத்தால் நடந்தது என்று கதை கட்டமாட்டோம். உண்மையான ஒரு குடும்பத்தின் துயரத்தை அவர்கள் கண்முன்னே கூத்தாக்கமாட்டோம். உதவி தேடிப் பிழைத்தவனின் கதையையே நடிப்போம். ஆட்டம் முடிந்தபின் மனநலம் அறிந்த ஒருவர் அங்கேயே இருந்து, தனியே பேச விரும்புவோரைச் சந்திக்க ஏற்பாடு செய்வோம்.

இப்படிப் பேசினால் இல்லாத எண்ணத்தையும் பிள்ளைகள் மனத்திற் போட்டுவிடாதா என்று பெரியவர் ஒருவர் எம்மைக் கேட்டார்கள். நியாயமான அச்சந்தான். ஆனால் சாக நினைக்கிறாயா என்று அன்போடு ஒருவனைக் கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை என்றும், கேட்கப்பட்டவனுக்குப் பெரும்பாலும் பாரமே குறைகின்றது என்றும் ஆராய்ந்தோர் கண்டிருக்கின்றனர். பொலிசு வரும், வழக்கு வரும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்களும் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 1998ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. மறைக்க வேண்டியதில்லை, வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகலாம். இன்றிரவே மனம் தாங்காதவர் யாராவது இக்கூட்டத்தில் இருந்தால், 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசியிற் பேசலாம். 1974ஆம் ஆண்டு முதல் இத்தொண்டைச் செய்துவரும் சுமித்ரயோவும் இருக்கின்றது. அவை எட்டவில்லையென்றால் எம்மில் யார் வீட்டுக் கதவையும் தட்டலாம். எந்நேரமென்று பார்க்க வேண்டாம்.

நாடகம் ஆஸ்பத்திரியன்று. நோய்க்கு மருந்தும், வறுமைக்குத் தொழிலும், வலைக்காரனுக்குக் கடலில் மீனும் வேண்டும். ஒரு மாலைக் கூத்து இவற்றைத் தராது. ஒத்திகை என்பது ஒன்று உண்டல்லவா? இரண்டு மாதம், நாள்தோறும் மாலையில், இருபது வாலிபர் ஓரிடத்தில் கூடுகின்றனர். யார் வந்தான், யார் வரவில்லை என்பது அங்கே தெரியும். யார் முகம் வாடியிருக்கிறது என்பதும் பார்த்தால் தெரியும். மேடையில் நடிப்பதைவிட இந்தக் கூடுதலே பெரிது என்று இப்போது உணர்கிறோம். அன்றும் எமக்கு எல்லாம் தெரியத்தான் செய்தது, பார்த்தும் பாராதிருந்தோம்.

அதனால், சங்கம் எம் விண்ணப்பத்துக்கு இணங்கினாலும் இணங்காவிட்டாலும், நாடகக் குழுவின் பதிவுப் புத்தகத்தில் ஒரு விதியை எழுதிக் கையொப்பமிட்டுவிட்டோம். ஒத்திகைக்கு ஒருவன் வராவிட்டால், அன்று மாலையே இருவர் அவன் வீட்டுக்குப் போகவேண்டும். வரவில்லையே என்று கோபிக்கக் கூடாது; சாப்பிட்டாயா என்று கேட்கவேண்டும். அவன் வரும்வரை அவனுடைய வேடம் அவனுக்காகவே காத்திருக்கும். விழா பிந்தினாற் பிந்தட்டும்.